முட்டைக் குழிக்குள்ள நிண்ட ரோஸ் மூடிப் போத்தல்

எங்கட வீட்டுப் பிரிட்ஜின்ட கதவில முட்டை வைக்கிற குழி ஆறு இருக்கு. அஞ்சில முட்டை இருக்கும். ஆறாவதில ஒரு கண் மருந்துப் போத்தல் நிக்கும், ரோஸ் நிற மூடி போட்டது. எங்கட வீட்டுக்காரருக்குக் கண்புரை ஒப்பரேசன் செய்த நேரம் குடுத்த மருந்து அது. அவர் விட்டு மிஞ்சினது ஒரு போத்தல், உடைக்காதது இன்னொண்டு. மருந்தை எறியிற ஆளா நான்?

ஊருக்குள்ள என்னை ‘அரை டாக்குத்தர்’ எண்டு சொல்லுவாங்க. முகத்துக்கு முன்னால இல்ல, முதுகுக்குப் பின்னாலதான். ஆனா எனக்கு அது பெருமை, பொய் சொல்லல்ல. பிஸ்கட் டின் ஒண்டுக்குள்ள காய்ச்சல் குளிசை, வயித்தோட்டக் குளிசை, சொறிச்சலுக்குப் பூசுறது எல்லாம் வச்சிருப்பன். கண் சிவந்து ஆரும் வந்தா முட்டைக் குழிக்குள்ள கை போகும். ரெண்டு துளி. பின்னேரத்துக்குள்ள சிவப்பு மாறிரும். “தவமணியக்காட கைராசி” எண்டு சொல்லிக்கொண்டு போவாங்க. நானும் ஒண்டும் தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கொண்டு உள்ளுக்குள்ள குளிர்ந்து போவன்.

இப்ப இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால பாத்தா, கரி பிடிச்ச லாம்புச் சிமிலிக்குள்ளால பாக்கிற மாதிரி இருக்கு. முன்னால ஒரு ஆள் நிக்கிறது தெரியும், ஆரெண்டு தெரியா. மகளிட்ட ஒரு கொப்பி வாங்கி இடது கண்ணால பாத்துத்தான் இதை எழுதுறன். இது என்ட கண்ணின்ட கதை. இதுக்குள்ள இன்னொரு ஆளின்ட கண்ணும் இருக்கு. அந்தப் பங்கைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளும் வாய் வரல்ல.

மாரி வெள்ளாமை வெட்டின நேரம் அது. இப்ப வட்டைக்குள்ள மெசின் இறங்கினா ஒரு பகலுக்குள்ள முழு வயலும் மொட்டை. ஈர நெல்லை மூடை மூடையா ரோட்டுக்குக் கொண்டுவந்து கொட்டிருவாங்க. காயப்போடுறதும் தூத்துறதும் எங்கட பாடு. ரோட்டோரம் படங்கு விரிச்சு, வீட்டுக்குள்ள இருந்து வயர் இழுத்து, கால் வச்ச பெரிய பேனை அதுக்குப் பக்கத்தில நிப்பாட்டுவம். பேனுக்கு முன்னால சுளகால நெல்லைச் சரிச்சா நெல் கீழ விழும், பதர் பறக்கும். வவுணதீவுப் பக்கம் அந்த மாசத்தில ரோட்டால வந்தா எந்த வீட்டு வாசல்லயும் இதைக் காணலாம்.

வதனி எங்கட பக்கத்து வளவு. முப்பத்திரண்டு வயசு, புருசன் கட்டாரில, ரெண்டு பிள்ளையள். கல்யாணம் முடிச்சு இஞ்ச வந்த நாள்ல இருந்து “அக்கா, அக்கா” எண்டு என்ட வேலியடியிலதான் நிப்பாள். கறிக்குப் புளி காணுமா எண்டு கூட என்னட்டத்தான் கேப்பாள். வெள்ளாமை வெட்டு வந்தா அவளின்ட நெல்லையும் என்ட நெல்லையும் ஒண்டாத்தான் தூத்துறது. ஒரு பேன், ரெண்டு சுளகு.

அண்டைக்கு ஆத்துப் பக்கத்தால வந்த காத்து திடீரெண்டு கிறுகிச்சு. பறந்த பதர் முழுக்க எங்கட முகத்தில. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில “ஐயோ” எண்டு கண்ணைப் பொத்தினம். பிறகு ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் சிரிப்பு. நான் சீலைத் தலைப்பை நாக்கில நனைச்சு அவளின்ட இடது கண்ணில இருந்த உமித்தூளை எடுத்தன், அவள் என்ட வலது கண்ணில இருந்ததை எடுத்தாள். தண்ணி அடிச்சுக் கழுவினம். மறுகா வேலையைப் பாத்தம். வருசா வருசம் நடக்கிறதுதானே, இதுக்கெல்லாம் ஆரு ஆசுபத்திரிக்குப் போற?

மூண்டாம் நாள் எனக்குக் கண் மண் விழுந்த மாதிரி உறுத்திச்சு. கண்ணாடியில பாத்தா செவ்வரத்தம் பூ மாதிரிச் சிவப்பு. எடுத்தன் ரோஸ் மூடியை. ரெண்டு துளி விட்டு ஒரு மணித்தியாலம் போகல்ல, உறுத்தலும் இல்ல, சிவப்பும் இறங்கிற்று. அண்டைக்கே வதனியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அவளைக் கதிரையில இருத்தி, நாடியைப் பிடிச்சு நிமித்தி, என்ட கையாலயே விட்டன்.

“ஆசுபத்திரிக்கு ஒருக்காக் காட்டுவமாக்கா?” எண்டு கேட்டாள்.

“போடி விசரி. பஸ் ஏறி, நம்பர் துண்டெடுத்து, பகல் முழுக்கக் காய்ஞ்சு, கடைசியில அங்கயும் இதைத்தான் தருவாங்க” எண்டன்.

இந்த வசனத்தை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டன்.

ஒரு கிழமை நல்லாத்தான் போச்சு. மருந்து விடுவன், சுகமாகும். விடாட்டி திரும்ப உறுத்தும். அப்ப இன்னும் ரெண்டு துளி. சனிக்கிழமை விடியக்க மகள் சுகந்தி வந்தாள். அவள் செட்டிபாளையத்துப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாள், அங்கயே அறை எடுத்து இருக்கிறாள். வாசல்ல செருப்பைக் கழட்டினவள் என்ட முகத்தைப் பாத்திட்டு அப்பிடியே நிண்டாள்.

“அம்மா, கண்ணில சோத்துப் பருக்கை ஏதும் ஒட்டியிருக்கா?”

நான் துடைச்சன். அவள் கிட்ட வந்து பாத்தாள். என்ட கன்னத்தைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “ஒட்டியில்லம்மா. உள்ளுக்க இருக்கு. கருவிழியில வெள்ளையா.”

அண்டைக்கே வெளிக்கிட்டம். போறதுக்கு முன்னால வதனி வேலியடிக்கு வந்தாள். அவளுக்கும் உறுத்தல் விட்டபாடில்ல. நான் பிரிட்ஜைத் திறந்து, உடைக்காத போத்தலை எடுத்து அவளின்ட கையில வச்சன். “நான் வரும் வரைக்கும் நாலு தரம் விடு, மறந்திராத” எண்டன். பழைய போத்தலை என்ட கைப்பையில போட்டுக்கொண்டன். வலையிறவுப் பாலத்தால பஸ் போகக்குள்ள ஆத்துத் தண்ணியில அடிச்ச வெயில் கண்ணுக்குள்ள ஊசி குத்தின மாதிரி இருந்திச்சு. அப்பவும் எனக்குப் பயம் வரல்ல. ரெண்டு நாள்ல வந்திரலாம் எண்டுதான் நெச்சன்.

பெரியாசுபத்திரி கண் கிளினிக்கில நீளமான மர வாங்கு. ஒரு ஆள் உள்ள போனா எல்லாரும் பின்பக்கத்தை அரக்கி அரக்கி ஒரு இடம் முன்னுக்குப் போகவேணும். நாலு மணித்தியாலம் அப்பிடி அரக்கினன். பிறகு எழுத்துப் பலகைக்கு முன்னால இருத்தி இடது கண்ணைப் பொத்தச் சொன்னாங்க. எழுத்தா? எனக்குப் பலகையே தெரியல்ல. நர்ஸ் மிஸ் வந்து முகத்துக்கு முன்னால விரலைக் காட்டி “எத்தின?” எண்டு கேட்டா. ரெண்டு எண்டன். பிறகு ஒரு எட்டுப் பின்னால போய்க் கேட்டா. வெறும் புகைதான். பத்து நாளுக்கு முன்னால ஊசியில நூல் கோத்த கண் இது. மற்றக் கண் பாத்துக்கொண்டிருந்ததால இது போனதே எனக்குத் தெரியல்ல.

டொக்டர் ஒரு இளம் பிள்ளை, என்ட மகளின்ட வயசுதான் இருக்கும். நாடியை ஒரு தட்டில வச்சு நெத்தியை முட்டிப் பாக்கிற மெசின்ல கனநேரம் பாத்தா. பிறகு பெரிய டொக்டரைக் கூட்டி வந்தா. ரெண்டு பேரும் மாறி மாறிப் பாத்தாங்க. கடைசியில அந்தப் பிள்ளை என்ட முழங்காலில கையை வச்சுச் சொன்னா: “அம்மா, கண்ணுக்கு முன்னால மணிக்கூட்டுக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிஞ்ச படலம் இருக்கு. அதில புண் வந்திருக்கு. என்ன கிருமி எண்டு தெரியவேணும். கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பாக்கப் போறம்.”

“எதைச் சுரண்டப் போறீங்க?”

“புண்ணைத்தான்.”

“கண்ணிலயா?” எண்டு நான் போட்ட சத்தத்தில வாங்கில இருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பாத்திச்சு.

மரத்துப்போற மருந்து விட்டாங்க. நோகல்ல, அது உண்மை. ஆனா பிளேட் ஒண்டு நேரா கண்ணுக்கு வாறதைப் பாத்துக்கொண்டு இருக்கவேணுமே! மூட ஏலாது, இமையை ஒரு கம்பி பிடிச்சிருக்கு. பிளேட் பெரிசாகிப் பெரிசாகிக் கடைசியில வெறும் நிழலாப் போகும். பிறகு சட்டியில அடிப்பிடிச்சதைக் கரண்டியால சுரண்டுற மாதிரி ஒரு இழுவை. சுரண்டினதைக் கண்ணாடித் துண்டில தடவிக்கொண்டு போனாங்க. பாதியை வளத்துப் பாக்கப் போடுவாங்களாம், அதுக்குக் கிழமைக்கணக்கா எடுக்கும். மற்றப் பாதியைப் பூதக்கண்ணாடி மெசின்ல வச்சு அண்டைக்கே பாத்தாங்க.

பின்னேரம் டொக்டர் பிள்ளை தன்ட போன்ல ஒரு படம் காட்டினா. கிளை விட்டுக் கிளை விட்டு நூல் நூலா ஓடுது, மண்ணுக்குள்ள வேர் ஓடுற மாதிரி.

“இது பங்கசு அம்மா. பாண் நாலு நாள் கிடந்தா பூஞ்சணம் பிடிக்குமே, அந்தச் சாதி. நெல்லிலயும் வைக்கோல்லயும் இருக்கும். உமி கீறின இடத்தால உள்ள போய் முளைச்சிருக்கு.”

முளைச்சிருக்காம். என்ட கண்ணில! பழம்பாணை நான் கோழிக்குக் கூடப் போடமாட்டன்.

அப்பத்தான் அவ பேனையை எடுத்துக்கொண்டு கேட்டா: “இதுக்கு முதல் கண்ணுக்கு வேற மருந்து ஏதும் விட்டீங்களா?”

பக்கத்தில மகள் நிண்டாள், படிச்சவள். மற்றப் பக்கம் மிஸ். அரை டாக்குத்தருக்கு வாய் தானாத் திறந்திச்சு. “இல்ல டொக்டர். ஒண்டும் விடல்ல.”

அவ அதை எழுதினா.

கண் வாட்டில ஜன்னலோரக் கட்டில் தந்தாங்க. வெளிச்சம் குத்துது எண்டு நான் அழ, மிஸ் ஒரு போர்வையை ஜன்னல்ல கட்டிவிட்டா. மருந்து பால் மாதிரி வெள்ளை, குலுக்கித்தான் விடவேணும். மணித்தியாலத்துக்கு ஒருக்கா. பகலுக்கு மட்டுமில்ல, ராவைக்கும். கண்மணியை விரிச்சு வைக்கிற வேற ஒரு மருந்தும். கண்ணைக் கட்டிவிடுங்க எண்டு கேட்டன். கட்டக்கூடாதாம், மூடிக் கட்டினா உள்ளுக்க சூட்டில இன்னும் வளருமாம்.

சுகந்தி லீவு போட்டிட்டுக் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தாள். மணிக்கு மணி அவளின்ட போன் அடிக்கும். எழும்புவாள், குலுக்குவாள், விடுவாள், படுப்பாள். விடியக்க அவளின்ட கண்ணும் என்ட கண் மாதிரிச் சிவந்திருக்கும். வீட்டுக்காரர் பொம்பிளையள் வாட்டுக்குள்ள வர ஏலாது, பாக்கிற நேரத்துக்கு மட்டும்தான். முப்பது வருசமா அடுப்படிப் பக்கம் எட்டிப்பாக்காத மனிசன் சோறும் மீன் கறியும் ஆக்கிக்கொண்டு வந்தார். உப்பெண்டா உப்பு, கடல் தண்ணி தோத்துப்போகும். “எப்பிடி?” எண்டு கேட்டார். “நல்லாயிருக்கு” எண்டு முழுக்கத் திண்டன். கண்ணில இருந்து தண்ணி வந்திச்சு. மருந்தால எண்டு நெச்சிருப்பார்.

நோவைச் சொல்லவேணும். பல்லுக்குத்து, பிள்ளை பெத்தது எல்லாம் கண்டவள் நான். இது வேற. கண்ணுக்குப் பின்னால ஆரோ திருகாணியைப் போட்டுத் திருகுற மாதிரி. புது மருந்து விட்டா இன்னும் எரியும். ரெண்டாம் நாள் தாங்க ஏலாமக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனன். ரோஸ் மூடியைத் திறந்தன். ரெண்டு துளி. கொஞ்ச நேரத்தில திருகாணி நிண்டிச்சு. ஆகா, இவங்கட மருந்து சரியில்ல, என்ட மருந்துதான் மருந்து எண்டு நெச்சன். பிறகு ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் குளியலறை. அவங்க மணிக்கு மணி நெருப்பை அணைக்க, நான் ஒளிச்சிருந்து எண்ணெய் ஊத்தியிருக்கன். படிச்ச பிள்ளையளை ஏமாத்திப்போட்டன் எண்டு ஒரு கள்ளச் சந்தோசம் வேற.

அஞ்சாம் நாள் பெரிய டொக்டர் மெசின்ல பாத்திட்டுத் தலையை ஆட்டினார். “கூடியிருக்கு. கண்ணுக்குள்ள சீழ் இறங்கி அடியில படிஞ்சிருக்கு. இந்த மருந்துக்கு ஏன் அடங்கல்ல எண்டு விளங்குதில்ல.” பிறகு என்னைப் பாத்து மெதுவாச் சொன்னார்: “இப்பிடியே போனா ஓட்டை விழும் அம்மா. அப்ப இறந்த ஒரு ஆளின்ட கருவிழியை எடுத்து வச்சுத் தைக்கவேணும். அதுவும் சரிவராட்டி கண்ணைக் காப்பாத்த ஏலாது.”

எனக்குக் காது அடைச்சிச்சு. அவரின்ட வாய் அசையிறது மட்டும் தெரிஞ்சிச்சு. சுகந்தி என்னைத் தாங்கிக் கட்டில்ல படுக்கவச்சாள். முகம் கழுவிவிட எண்டு சவுக்காரம் தேடி என்ட கைப்பைக்குள்ள கையை விட்டாள். கை வெளிய வரக்குள்ள சவுக்காரம் இல்ல, ரோஸ் மூடி.

மகள் லேபிளை வாசிச்சாள். என்னைப் பாத்தாள். போத்தலைக் கொண்டுபோய் டொக்டர் பிள்ளையின்ட கையில குடுத்தாள். அவ ஓடி வந்தா. ஏசுவா எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன். அவ ஏசல்ல, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. ஏசியிருந்தா நல்லாயிருக்கும்.

“எத்தின நாளா அம்மா?”

“ரெண்டு கிழமைக்குக் கிட்ட இருக்கும்.”

“இஞ்ச வந்த பிறகுமா?”

நான் தலையை ஆட்டினன். அவ நெத்தியில கையை வச்சா. பிறகு விளங்கப்படுத்தினா. கண் சிவக்கிறதும் நோகிறதும் உடம்பு கிருமியோட சண்டை பிடிக்கிறதாலதானாம். இந்த மருந்து அந்தச் சண்டையை நிப்பாட்டும். ஒப்பரேசன் செய்த கண்ணுக்கு அது நல்லது, அதுவும் டொக்டர் பாத்துப் பாத்துக் குடுத்தாத்தான். “பூஞ்சணம் பிடிச்ச கண்ணுக்கு இது பசளை அம்மா. காவல் நாயைக் கட்டிப்போட்டுக் கள்ளனுக்குக் கதவு திறந்து விட்டிருக்கிறீங்க. நாய் குலைக்கல்ல, அதால நல்லாயிருக்கு எண்டு நெச்சிருக்கிறீங்க.”

பாம்புக்குப் பால் வாத்த கதை எண்டு நாங்க சும்மா சொல்றது. நான் சொந்தக் கண்ணுக்குள்ள வாத்திருக்கன். அந்தப் பிள்ளை எழும்பிப் போனா. கண்ணைப் பத்தி நெச்சு நெச்சுக் கிடந்தவளுக்கு, எங்கயோ இருந்து இடி விழுந்த மாதிரி ஒரு நினைப்பு வந்திச்சு.

வதனி.

நாலு தரம் விடு, மறந்திராத எண்டு சொல்லிக் குடுத்திட்டு வந்திருக்கன். நான் சொன்னா அவள் மறக்கிறவள் இல்ல.

சுகந்தியின்ட போனை வாங்கி வீட்டுக்காரருக்கு அடிச்சன். “வதனியை உடனே ஆட்டோவில ஏத்திக்கொண்டு வாங்க. அவளின்ட கண்ணையும் காட்டவேணும்.”

“ஏன், என்ன நடந்த?”

அதில சொல்லியிருக்கலாம். அந்த மருந்துதான் எண்டு ஒரு வசனம். வாய் வரல்ல. “சும்மா கேள்வி கேக்காமக் கூட்டிக்கொண்டு வாங்க” எண்டு சீறி விழுந்தன்.

பின்னேரம் வந்தாள். சீலைத் தலைப்பால முகத்தைப் பாதி மூடிக்கொண்டு, வீட்டுக்காரரின்ட பின்னால. என்ட கட்டிலைக் கண்டதும் அந்த நிலைமையிலயும் சிரிச்சாள். “அக்கா, மெலிஞ்சு போனீங்க.” தலைப்பை எடுத்தாள். இடது கண் நடுவில என்டதை விடப் பெரிய வெள்ளை. “நாலு தரம் காணாம ஆறு தரம் விட்டன் அக்கா. விட்டா நோவு தெரியிறல்ல. நேத்து மருந்து முடிஞ்சிச்சு, அதோட தாங்க ஏலாமப் போச்சு.”

கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

அவளையும் மெசின்ல வச்சுப் பாத்து, சுரண்டி எடுத்து, எனக்கு அடுத்த கட்டிலைக் குடுத்தாங்க. டொக்டர் பிள்ளை பேனையோட வந்தா. அதே கேள்வி.

“இதுக்கு முதல் கண்ணுக்கு ஏதும் மருந்து விட்டீங்களா?”

வதனி என்னைப் பாத்தாள். நான் அவளைப் பாத்தன். அந்த ஒத்தைக் கண்ணில நான் கண்டதை எப்பிடி எழுதுற? ‘அக்காவை மாட்டிவிடமாட்டன்’ எண்டு இருந்திச்சு அதில.

“இல்ல டொக்டர். ஒண்டும் விடல்ல” எண்டாள்.

நான் சொன்ன அதே வசனம். அவ எழுதத் தொடங்கினா. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் பேசாம இருந்தன். அந்த ஒரு நொடியை நான் ஒளிக்க விரும்பல்ல. பேசாம விட்டிருந்தா வாட்டில எனக்கு மானம் மிஞ்சியிருக்கும்.

“பொய்!” எண்டு கத்திப்போட்டன். “எழுதாதீங்க டொக்டர். நான் முதல் நாள் ஒளிச்ச மாதிரி இவளும் ஒளிக்கிறாள். அவள் விட்டவள். அதே மருந்து, அதே ரோஸ் மூடி. நான்தான் குடுத்தன். முதல் துளி என்ட கையாலதான் விட்டன். ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டவளை நான்தான் மறிச்சன்.”

சுகந்தி முகத்தைக் கையால மூடினாள். டொக்டர் பிள்ளை எழுதினதை வெட்டிட்டு முதல்ல இருந்து எழுதினா. எத்தின நாள், ஒரு நாளைக்கு எத்தின தரம், கடைசியா எப்ப எண்டு வதனியிட்ட ஒவ்வொண்டாக் கேட்டா. வதனி மெல்லிய குரல்ல பதில் சொன்னாள். முடிஞ்சதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

லைட் போட்ட நேரம் அந்தப் பக்கம் பாத்தபடியே கேட்டாள்: “அந்த மருந்து கூடாதெண்டு தெரிஞ்சா குடுத்தீங்க?”

“இல்ல புள்ள. என்ட பிள்ளையாண சத்தியமா இல்ல.”

“அப்ப முதல் நாளே டொக்டரிட்ட ஏன் ஒளிச்சீங்க? அண்டைக்கே சொல்லியிருந்தா, அஞ்சு நாளுக்கு முன்னால என்னைக் கூட்டிப்போக ஆள் வந்திருக்குமே.”

நான் போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கொண்டன்.

ரோஸ் மூடியை நிப்பாட்டின பிறகு எனக்கு நோவு ரெண்டு மடங்கா வந்திச்சு. ஆனா வெள்ளை மருந்து வேலை செய்யத் தொடங்கிச்சு. சீழ் வத்திச்சு, புண்ணின்ட ஓரம் சுருங்கிச்சு. மூண்டு கிழமையில வீட்டை அனுப்பினாங்க. பிறகும் மாசக்கணக்கா மருந்து. புண் ஆறின இடத்தில வெள்ளைத் தழும்பு, அதாலதான் இந்தக் கரிச் சிமிலிப் பார்வை. “தப்பின கண்” எண்டு பெரிய டொக்டர் சொன்னார்.

வதனிக்கு ஒம்பதாம் நாள் ஓட்டை விழுந்திச்சு. கொழும்புக்கு அனுப்பி, ஆரோ ஒரு புண்ணியவானின்ட கருவிழியை வச்சுத் தைச்சாங்க. பூஞ்சணம் அதுக்கிடையில உள்ளுக்க இறங்கிற்று. கண் இருக்கு, பார்வை இல்ல. அவள் கறுத்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். புருசன் கட்டாரில இருந்து ஓடி வந்து ஒரு மாசம் நிண்டு போனார். அவருக்கும் ஊருக்கும் அவள் சொன்னது ஒண்டுதான்: “உமி பட்டது.” என்ட பேர் எடுக்கல்ல. என்னை அக்கா எண்டு கூப்பிடவும் இல்ல. வேலியடிக்கு வாறதும் நிண்டிச்சு. நானும் ஊரில வாய் திறக்கல்ல. வாட்டில கத்தினதோட என்ட வீரம் முடிஞ்சிச்சு.

கோடை வெள்ளாமை வெட்டு வந்திச்சு. திரும்ப ரோட்டில படங்கு, திரும்பப் பேன். அவளின்ட நெல் அவளின்ட வாசல்ல, என்ட நெல் என்ட வாசல்ல. நானும் அவளும் மட்டும்தான் பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுத் தூத்தினது. ஒரு நாள் பின்னேரம் நாலு வீடு தள்ளி இருக்கிற கமலா மச்சாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தா.

“மச்சாள், அந்த ரோஸ் மூடி மருந்தில ரெண்டு துளி விடுங்க. உமி பட்டு ரெண்டு நாளாச் சிவப்பு மாறுதில்ல.”

“அது இல்ல மச்சாள். இப்பவே ஆசுபத்திரிக்குப் போங்க.”

“இதுக்கெல்லாமா ஆசுபத்திரி? உங்களிட்ட இருக்கும், தேடிப் பாருங்க.”

“இல்ல எண்டா இல்ல. போங்க எண்டு சொல்றன்.”

கமலா மச்சாளுக்கு மூக்கு நுனியில கோவம். “ஓம், ஓம். வதனிக்கு எண்டா போத்தலோட தூக்கிக் குடுப்பீங்க. நான் கண்டன் தானே. எங்களுக்கு எண்டா இல்லையாக்கும்.”

என்ட வாய் அப்பவும் திறக்கல்ல. சுளகை நிமித்தி நெல்லைச் சரிச்சுக்கொண்டே நிண்டன்.

பக்கத்து வாசல்ல பேன் நிண்டிச்சு. வதனி வேலியடிக்கு வந்தாள். ஆறு மாசத்துக்குப் பிறகு.

“ஓம், குடுத்தவதான்” எண்டாள். “இஞ்ச பாருங்க, இதுதான் அவ குடுத்தது.” கண்ணாடியைக் கழட்டினாள்.

வாட்டில அடுத்த கட்டில்ல கிடந்தும் நான் ஒருநாளும் நேராப் பாக்காத கண் அது. பாத்தன். அவிச்ச முட்டை மாதிரி வெள்ளை. எங்கட மூண்டு பேரில ஒருத்தரையும் அது பாக்கல்ல. ஐயோ, என்ட கடவுளே எண்டு வாய்க்குள்ளயே சொன்னன். கமலா மச்சாள் ஒரு எட்டுப் பின்னால போனா. பிறகு சீலைத் தலைப்பால கண்ணைப் பொத்திக்கொண்டு பஸ் நிக்கிற சந்திக்கு விறுவிறெண்டு நடந்தா.

வதனி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டாள். போகத் திரும்பினவள் நிண்டு என்னைப் பாத்தாள்.

“இனி நீங்களே சொல்லுங்க” எண்டாள். “வாற ஆளுக்கெல்லாம் நான் கழட்டிக் காட்டேலாது.”